வாசலுக்கு வந்த பாட்டு

ஜார்ஜ்டவுன், பினாங்கு

அன்புள்ள கவினுக்கு,

சென்னையிலிருந்து பாடகர் வந்தால்தான் நம்மவர்கள் கூடுவார்கள், உள்ளூர்க் கலைஞர்களைச் சீந்துவதில்லை என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தாய். சினிமாப் பாடகர்களுக்குக் கூட்டம் சேர்வது உண்மைதான். ஆனால் அதை வைத்து நம் மக்களுக்கு உள்ளூர் இசையில் ருசியில்லை என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பினாங்கின் போரியாவே அதற்கு மறுப்பு. 19ஆம் நூற்றாண்டில் மெட்ராஸ் படையோடு வந்த முஸ்லிம் சிப்பாய்கள் முஹர்ரம் மாதத்தில் நடத்தியது அது என்பார்கள். தமிழ் முஸ்லிம்களும் இந்திய-மலாய்க் கலப்பு வழிவந்த ஜாவி பெரானாக்கான்களும் மலாய்க்காரர்களும் சேர்ந்து அதை இந்தத் தீவுக்கே உரிய மலாய்மொழிக் கலையாக்கினார்கள். முதலில் சிரிப்பு நாடகம். பிறகு துக்காங் காராங் என்னும் தலைமைப் பாடகர் நாலடி நாலடியாகக் கட்டிப் பாட, வரிசையில் நிற்பவர்கள் பல்லவியைத் திருப்பிப் பாடுவார்கள். அந்தக் காலத்தில் குழு வீடு வீடாகப் போகும்; வரவேற்ற வீட்டுக்காரரைப் பற்றிய புகழும் ஊர் நடப்பும் பாட்டில் ஏறிவிடும். தன் வாசலில், தன்னையும் தன் ஊரையும் பற்றிப் பாடுவதை யார்தான் கேட்காமல் போவார்கள்? இந்தப் பற்று எப்போதும் நல்லதாகவே இருந்தது என்று சொல்லவில்லை. முஹர்ரம் குழுக்களின் பின்னால் இருந்த வெள்ளைக் கொடி, சிவப்புக் கொடிச் சங்கங்களின் பகை 1867 பினாங்குக் கலவரத்தில் போய்ச் சேர்ந்தது.

வெளியூர்க் கலைஞர்கள் வந்து உள்ளூர்க்காரர்களின் பிழைப்பைக் கெடுக்கிறார்கள் என்ற வாதமும் நிற்காது. 1870களில் பார்சி நாடகக் குழுக்கள் இங்கே வந்து இந்துஸ்தானியில் ஆடிப்பாடின. மக்கள் மயங்கினார்கள். அந்த மயக்கத்திலிருந்துதான் 1880களில் மாமாக் புஷியின் குழு மலாயில் நாடகம் போட, பங்சாவான் என்னும் மலாய் நாடகக் கலை பிறந்தது. காசு கொடுத்துப் பார்க்கிற கூட்டம் அதற்கும் இருந்தது. நூறு ஆண்டு கழித்து, பினாங்குத் தமிழ்ச் சகோதரர்கள் லோகநாதனும் டேவிட் ஆறுமுகமும் ஆலிகேட்ஸ் குழுவாக மலாயில் பாடி எல்லா இனத்தாரையும் ஈர்த்தார்கள்.

அதெல்லாம் மலாய்ப் பாட்டு, தமிழுக்கு அந்த வாய்ப்பு ஏது என்பாய். யோகி பி அன்ட் நட்சத்ரா குழுவின் ‘வல்லவன்’ என்ற தமிழ் ராப் தொகுப்பு 2006இல் மலேசியாவிலிருந்து கிளம்பித் தமிழ்நாடு வரை போனதே. தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் போகும் காவடிகளின் முன்னால் முழங்கும் உருமி மேளத்தையும் எண்ணிப்பார். அங்கே கூடுவது பக்திக்காக, இசைக்காக அல்ல என்று சிலர் சொல்வார்கள். பக்தி மட்டும் போதுமென்றால் எந்த மேளமும் போதுமே. காவடி எடுப்பவர்கள் நல்ல குழுவாகத் தேடி முன்கூட்டியே பேசிவைப்பது எதற்கு?

பின் ஏன் சினிமாப் பாடகர்களுக்கே கூட்டம் சேர்கிறது? சினிமாப் பாட்டு மேடைக்கு வருமுன்பே வானொலியிலும் கல்யாண வீட்டிலும் நூறு முறை காதில் விழுந்திருக்கும். உள்ளூர்க்காரரின் பாட்டை எப்போதாவது ஒரு மண்டபத்தில், முதல்முறையாகக் கேட்கச் சொல்கிறோம். வராதவர்கள்மேல் கோபப்படுவது நியாயமே இல்லை. நம் கோயில் திருவிழாக்களும் பள்ளி விழாக்களும் கல்யாண விருந்துகளும் ஆண்டுதோறும் உள்ளூர்க் கலைஞர்களுக்கென்று நேரம் ஒதுக்கட்டும். பாட்டெழுதுகிறவர்களும் கோடம்பாக்கத்துக் காதலை விட்டு நம் பினாங்கின் ஆயர் ஈத்தாமையும் பட்டர்வொர்த்தையும் எழுதட்டும்.

அன்புடன்,
உன் பெரியப்பா