சோதிப்பவருக்குச் சம்பளம் யார் தருவது?

பீளமேடு, சின்னியம்பாளையம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு விமானச் சத்தம் புதிதல்ல. போன வாரம் காலை நடையில் உடன் வந்த நண்பர் திடீரென்று கேட்டார்: "ஏனுங்க, இந்த ஏரோப்ளேன் எல்லாம் சரியா இருக்குதான்னு பார்க்கறவங்களுக்குச் சம்பளம் யாருங்க தர்றாங்க?"

நல்ல கேள்வி. நான் வேலை பார்த்த மில்லுக்கு பாய்லர் இன்ஸ்பெக்டர் வருவார். சோதனைக் கட்டணத்தை அரசுக் கணக்கில் கட்டுவோம். அவருக்குச் சம்பளம் அரசாங்கம் தரும். அதனால் எங்கள் முதலாளியின் முகம் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

விமானங்களைச் சோதிப்பது டெல்லியில் இருக்கும் டி.ஜி.சி.ஏ. என்கிற சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம். அங்கும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். வாங்கும் கட்டணம் மத்திய அரசின் கஜானாவுக்குப் போகும். செலவுக்குப் பணம் பட்ஜெட்டில் வர வேண்டும்.

ஆனால் ஒரு சிக்கல். 2022 ஜனவரியில் டாடாவிடம் போகும்வரை ஏர் இந்தியா, நம் கோவை விமான நிலையத்தை நடத்தும் ஆணையம், சோதிக்கிற டி.ஜி.சி.ஏ. மூன்றும் ஒரே அமைச்சகத்தின் கீழ் இருந்தன. லாரியும் எடைமேடையும் ஒரே ஆளுடையது என்றால் எடையை யார் நம்புவார்கள்?

2014 ஜனவரியில் அமெரிக்காவின் எஃப்.ஏ.ஏ. அமைப்பு நம் நாட்டை இரண்டாம் தரத்துக்கு இறக்கியது. முழுநேர ஆய்வாளர்கள் போதவில்லை என்பது ஒரு முக்கியக் காரணம். நம் கம்பெனிகளால் அமெரிக்காவுக்குப் புதிதாக விமானம் விட முடியவில்லை. ஆள் சேர்த்துக் குறைகளைச் சரிசெய்த பிறகு, 2015 ஏப்ரலில்தான் பழைய தரம் கிடைத்தது.

தனி ஆணையம் அமைக்க 2013-ல் வந்த மசோதா, மக்களவையின் காலம் முடிந்ததும் காலாவதியானது. 2020-ல் டி.ஜி.சி.ஏ.வுக்குச் சட்ட அந்தஸ்து கொடுத்தார்கள். 1934-ம் வருடச் சட்டம் போய், 2025 ஜனவரி 1 முதல் புதுச் சட்டமும் வந்துவிட்டது. ஆனாலும் கடிவாளம் அமைச்சகத்தின் கையில்தான். அகமதாபாத் விபத்து நடந்து இரண்டு மாதம் கழித்து, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு சொன்ன கணக்கு இது: 1,063 பணியிடங்களில் 553 பேர்தான் இருக்கிறார்கள்.

பிரிட்டனில் 1972-ல் தொடங்கிய ஆணையம் பெரும்பாலும் விமானத் துறையிடம் வாங்கும் கட்டணத்திலேயே நடக்கிறது. பணம் கட்டுகிறவர் பக்கம் சாய்ந்துவிட மாட்டார்களா என்று கேட்கலாம். நியாயமான பயம்தான். கட்டணத்தைச் சட்டம் தீர்மானிக்கட்டும்; அந்தப் பணம் அந்த அமைப்பிடமே நிற்கட்டும்; ஆளை அவர்களே எடுக்கட்டும்; கணக்கை நாடாளுமன்றம் கேட்கட்டும். என் யோசனை இவ்வளவுதான்.

டிக்கெட் விலையை நாலு இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். அந்தக் கணக்கின்படி காலியாகக் கிடந்த 510 நாற்காலிகளைப் பற்றியும் கேட்கலாமே. வெளிநாட்டிலிருந்து நம் பேரன் பேத்திகள் வந்து போவது இந்த விமானங்களில்தானே.