பன்னிரண்டு சக்கர வீடு

"மச்சி, வாடகை கிடையாது. ஈ.பி. பில் கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு மேல வந்தா முறைக்கிற ஹவுஸ் ஓனரும் கிடையாது. தோணுற இடத்துல நிறுத்துவோம், தோணுறப்ப கிளம்புவோம்!"

ஆவடியில் எங்க ரூம்ல மூணு பேர். எஞ்சினீயரிங் ஃபைனல் இயர். மூணு மாசமா புராஜெக்ட்டை விட நாங்க அதிகமா படிச்சது மோட்டார் ஹோம் பத்தித்தான். யாரோ ஒரு வெளிநாட்டு ஜோடி வேனுக்குள்ள கட்டில் போட்டு, கூரை மேல சோலார் வெச்சு, ஆளே இல்லாத பாலைவனத்துல காபி குடிக்கிற வீடியோவை எத்தனை தடவை பார்த்திருப்போம்னு கணக்கே இல்ல. கடைசியில முடிவே பண்ணிட்டோம். பழைய ஆம்னி ஒண்ணு வாங்குறது, உள்ள இருக்கிற சீட்டெல்லாம் கழட்டிட்டு வீடாக்குறது, கேம்பஸ்ல வேலை கிடைச்சாலும் வண்டியிலேயே குடியிருக்குறது. ஆளுக்கு நாப்பதாயிரம்.

என் நாப்பதாயிரத்துக்கு ஒரே ஒரு பேங்க்தான். எங்கப்பா.

அப்பா லாரி டிரைவர். சங்ககிரி பக்கம் ஊர். இருபத்தாறு வருஷமா ஓட்டுறார். போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். முழுசா கேட்டார், சிரிக்கலை. "வெள்ளிக்கிழமை நசரத்பேட்டைல நிப்பேன் கண்ணு. அன்லோடுக்கு ரெண்டு நாள் ஆகும்னு சொல்றாங்க. வந்து தங்கிட்டுப் போ, பேசுவோம்"னார்.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி பஸ். பருத்திப்பட்டு ஏரி, காடுவெட்டி, சென்னீர்க்குப்பம்னு அரைமணி நேரத்துல பூந்தமல்லி. அங்கிருந்து பெங்களூர் ஹைவேயைப் பிடிச்சா நசரத்பேட்டை. வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலை இந்த ஹைவேயைத் தாண்டுற ஏரியா. பகல்ல சிட்டிக்குள்ள கனரக வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருக்கிறதால சென்னை ஓரத்துல இப்படி லாரிகள் காத்துக்கிடக்கிற இடங்கள் நிறைய. வடக்கே மாதவரம், மேற்கே இது. ஸ்ரீபெரும்புதூர் கார் கம்பெனிகளுக்குப் போற கன்டெய்னர், 1964-ல ஆரம்பிச்ச அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போற தகடு, கம்பி எல்லாம் இந்தப் பக்கம் எங்கயாவது ஒரு ராத்திரி தூங்கிட்டுத்தான் போகும்.

அப்பா வண்டி 12 வீல். ராய்ப்பூர்லேர்ந்து கம்பி ஏத்திட்டு வந்திருந்தார். சர்வீஸ் ரோட்டோரம் வரிசையில ஒன்பதாவது வண்டி.

சின்ன வயசுல லீவுக்கு ஒரு டிரிப் கூடப் போயிருக்கேன். அப்ப எனக்கு அது ஊர் சுத்துற வண்டி. இந்தத் தடவைதான் வீடு பார்க்க வந்தவன் மாதிரி பார்த்தேன். பார்க்கப் பார்க்க சிரிப்பு வந்துச்சு. நாங்க மூணு பேரும் நோட்டுல படம் போட்டு வெச்சிருந்த அத்தனையும் இங்க ஏற்கெனவே இருக்கு!

சீட்டுக்குப் பின்னாடி ஆள் நீளத்துக்குப் பலகை, அதான் பெட்ரூம். பாடிக்குக் கீழே இடதுபக்கம் தொங்குற இரும்புப் பெட்டி, அதான் கிச்சன். மூடியைத் திறந்து கீழ்ப்பக்கமா சாய்ச்சா அதுவே மேடை. உள்ள சின்ன சிலிண்டர், ஒத்தை அடுப்பு, மூணு லிட்டர் குக்கர், அஞ்சறைப்பெட்டி. அதுக்குப் பக்கத்துல குழாய் வெச்ச தண்ணி டேங்க். கரன்ட்? லாரிக்கு 24 வோல்ட். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி ரெண்டைத் தொடரா கனெக்ட் பண்ணியிருப்பாங்க. அதுல ஒரு குட்டி ஃபேன், எல்.இ.டி. லைட், போன் சார்ஜர். சாமி படத்தைச் சுத்தி கலர் சீரியல் லைட் வேற. கெஸ்ட் ரூம் கூட உண்டு. பாடிக்கு அடியில சேஸிஸ்ல தார்ப்பாயைத் தூளி மாதிரி கட்டினா, காத்து சும்மா ஜிலுஜிலுன்னு வரும். கிளீனர்கள் காலங்காலமா தூங்குற இடம் அது. இப்ப நிறைய வண்டியில கிளீனரே கிடையாது. சம்பளம் கட்டுப்படியாகலைன்னு டிரைவர் மட்டும் தனியா போறார். அப்பாவும் அப்படித்தான்.

அன்னிக்கு ராத்திரி சமையல் அரிசிம்பருப்பு சாதம். கொங்கு நாட்டு ஆளுங்களுக்கு விளக்கம் வேண்டியதில்ல. மத்தவங்களுக்கு: அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, எல்லாம் ஒரே குக்கர்ல, மூணு விசில். ஒரே பாத்திரம், கழுவுற தண்ணியும் மிச்சம். முன்னாடி நின்ன வண்டியிலிருந்து ஒரு ஈரோட்டு மாமா ஊறுகாய் பாட்டிலோட வந்தார். "தம்பி காலேஜா? நல்லாப் படிங்க, இந்தத் தொழில் வேண்டாமுங்க"ன்னார். எல்லா டிரைவரும் இதை ஒரு வணக்கம் மாதிரிதான் சொல்றாங்க.

சாப்பிட்டுட்டு நோட்டை எடுத்து எங்க ஆம்னி பிளானை விரிச்சேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். முதல் கேள்வி வந்துச்சு.

"கக்கூஸ் எங்க கண்ணு?"

நாங்க அதைப் போடலை. மூணு எஞ்சினீயர்கள், மூணு மாசம்... போடலை!

"பெட்ரோல் பங்க்ல பார்த்துக்கலாம்னு..." இழுத்தேன்.

"காலைல பாரு" அவ்வளவுதான் சொன்னார்.

ராத்திரி கதைக்கு வர்றேன். கேபினுக்குக் கீழேதான் எஞ்சின். மத்தியானம் அணைச்ச எஞ்சினோட சூடு பதினொரு மணிக்கும் முதுகுல ஏறுது. சரக்கு லாரி கேபின்ல ஏ.சி. கட்டாயம்னு மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கு. ஆனா அது 2025 அக்டோபர் 1-க்கு அப்புறம் தயாராகிற வண்டிகளுக்குத்தான். அப்பா வண்டி 2014 மாடல். கண்ணாடியை இறக்கினா கொசு. அந்தப் பக்கம் செம்பரம்பாக்கம் ஏரி, இந்தப் பக்கம் தேங்கின கால்வாய், கொசுவுக்குச் சொல்லவா வேணும்! கண்ணாடியை ஏத்தினா நெருப்பு. தூளியில படுத்துப் பார்த்தேன். தலைக்கு நாலடி தள்ளி கன்டெய்னர் வண்டிகள் போறப்ப தூளியே ஊஞ்சல் ஆடுது. ரெண்டு மணிக்கு யாரோ டார்ச் அடிச்சாங்க. அப்பா தூக்கத்துலயே "யாரது?"ன்னு அதட்டினார், டார்ச் போயிடுச்சு. டீசல் திருடுறவங்களாம். தார்ப்பாய், ஸ்டெப்னி, பேட்டரி எதையும் விடமாட்டாங்களாம். இருபத்தாறு வருஷமா இந்த மனுஷன் ஒரு காதைத் திறந்து வெச்சுக்கிட்டே தூங்குறார்.

நாங்க வீடியோவுல பார்த்த பாலைவனத்துல டார்ச் அடிக்க யாரும் வரலை. அதுக்குக் காரணம் இருக்கு. அமெரிக்காவுல அரசாங்கப் பொது நிலம் பெரும்பாலானதுல பதினாலு நாள் வரைக்கும் காசில்லாம வண்டியை நிறுத்தித் தங்கலாம், அப்புறம் இடம் மாறணும். குளிர்காலம் வந்தா அரிசோனாவுல குவார்ட்ஸைட்டுங்கிற குட்டி ஊருல வண்டி வீடுகளா குவியும். நம்ம ஆவடியில ஆளில்லாத நிலத்தைத் தேடிப் பாருங்க. ஒண்ணு, டாங்கி ஃபேக்டரி, ராணுவம், விமானப்படைன்னு காம்பவுண்டு சுவர். இல்லன்னா ஏரிப் புறம்போக்கு, அங்க நிறுத்தினா பத்தாவது நிமிஷம் யாராவது வந்து கேள்வி கேட்பாங்க. மிச்சம் எல்லாம் பிளாட்.

அந்த அமெரிக்காவுலயும் எல்லாரும் காபி குடிக்கப் போனவங்க இல்ல. 2008 பொருளாதாரச் சரிவுல வீட்டை இழந்த வயசானவங்க நிறைய பேர் வேன்ல குடியேறி, சீசனுக்கு சீசன் கிடங்குகள்ல பார்சல் கட்டுற வேலைக்குப் போனாங்க. அவங்களைப் பத்தி ஜெசிகா புரூடர் 2017-ல எழுதின 'நோமேட்லேண்ட்' புத்தகம் படமாகி, 2021-ல சிறந்த படத்துக்கான ஆஸ்கரும் வாங்கிச்சு. அந்தப் படத்தையும் நாங்க பார்த்தோம். ஆனா அதுல வேனை மட்டும்தான் பார்த்திருக்கோம்னு நசரத்பேட்டையில தூளியில படுத்திருக்கும்போதுதான் உறைச்சது.

காலைல அஞ்சரை. இப்ப அந்தக் கக்கூஸ் கேள்விக்கு வருவோம். அப்பா சரக்கு இறக்க வேண்டிய குடோன் (பேரு வேணாம்) காம்பவுண்டுக்குள்ள பளபளன்னு டாய்லெட் இருக்கு. ஸ்டாஃபுக்கு மட்டும். வெளியில டோக்கனுக்குக் காத்திருக்கிற டிரைவருக்குக் கிடையாது. பாட்டில்ல தண்ணி எடுத்துக்கிட்டு ஒரு கிலோமீட்டர் நடந்து பங்க்குக்குப் போனோம். அங்க ஏற்கெனவே பதினாறு பேர் க்யூவுல. குளிக்கிறதுக்கு முன்னெல்லாம் திருமழிசைப் பக்கம் தோட்டத்துல பம்ப்செட் ஓடுமாம், கேட்டுட்டுக் குளிச்சுக்கலாமாம். அப்பா கையைக் காட்டின இடத்துல இப்ப நாலு மாடி அபார்ட்மென்ட்.

திரும்பி நடக்கும்போது ஒரு விஷயம் சொன்னார். 2020 மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு அறிவிச்சப்ப அவர் நாக்பூர் தாண்டி நின்னுக்கிட்டிருந்தாராம். தாபா எல்லாம் மூடிட்டாங்க. பத்தொன்பது நாள் அந்த இரும்புப் பெட்டியிலேயே பொங்கி, பக்கத்துல நின்ன நாலு வண்டிக்காரங்களுக்கும் போட்டிருக்கார். வீட்டுக்குப் போன்ல பேசினப்பெல்லாம் "கம்பெனில சாப்பாடு போடறாங்க"ன்னுதான் சொன்னார். அம்மாவுக்கு இப்ப வரைக்கும் தெரியாது. (இதைப் படிச்சுத் தெரிஞ்சுக்குவாங்க. ஸாரிப்பா!)

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லயே வந்தது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாப்பத்தெட்டுன்னு அதுல இருந்துச்சு. ஈரோட்டு மாமாகிட்ட சொன்னேன். "அப்படிங்களா!"ன்னு நிஜமாவே ஆச்சரியப்பட்டார்.

அடுத்த பகல் முழுக்க நானும் அப்பாவும் எங்க பிளானை உட்கார்ந்து பிரிச்சு மேஞ்சோம். கூரை சோலார்ல ஏ.சி. ஓட்டுறதா நாங்க எழுதியிருந்தோம். ஒரு கிலோவாட் பேனல் போட்டா நம்ம ஊர் வெயிலுக்கு நாளைக்கு நாலு யூனிட் வாக்குல வரும். ஒரு டன் ஏ.சி. மணிக்கு ஒரு யூனிட் கிட்ட இழுக்கும். ஆக, நாலு மணி நேரம். அந்த ஒரு கிலோவாட் பேனலை வைக்க ஆம்னி கூரை, மூணே கால் மீட்டருக்கு ஒண்ணரை மீட்டர்கூட வராது, திணறிடும். தண்ணி? மூணு பேருக்கு ஆளுக்கு இருபது லிட்டர்னா நாளைக்கு அறுபது கிலோ எடை. இதை அப்பா பேப்பர் இல்லாம சொன்னார். நான் நாலு வருஷம் படிச்சதை வெச்சுச் சரிபார்த்தேன். சரியா இருந்துச்சு.

அப்புறம் சட்டம். கேம்பர் வேனைச் சொந்த உபயோகத்துக்குப் பதிவு பண்ண நம்ம நாட்டுலயும் வழி இருக்கு. 2004-ல வந்த மத்திய அரசு அறிவிக்கையில போக்குவரத்து அல்லாத வண்டிகள் பட்டியல்ல அது உண்டு. ஆனா இருக்கிற வண்டியை இஷ்டத்துக்கு மாத்த முடியாது. கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. சீட்டைக் கழட்டி, கூரையை வெட்டி ஜன்னல் வைக்கிற எங்க பிளான் ஆர்.டி.ஓ. வாசலைத் தாண்டாது. கேரளாவுல 2021-லயே கேரவன் சுற்றுலாவுக்குன்னு தனிக் கொள்கை கொண்டுவந்துட்டாங்க. ஆனா அது டூரிஸ்டுக்கு.

ஞாயித்துக்கிழமை விடிகாலை நாலரைக்கு வாட்ச்மேன் வந்து கேபினைத் தட்டினார். டோக்கன் வந்துடுச்சு. அப்பா எழுந்த வேகத்தைப் பார்க்கணுமே! ரெண்டு நாளா வீடா இருந்தது ரெண்டு நிமிஷத்துல லாரி ஆயிடுச்சு. தூளி அவிழ்ந்தது, பெட்டி மூடினது, குக்கர் உள்ள போச்சு. நான் பையைத் தூக்கிட்டு இறங்கினேன். நாப்பதாயிரம் பத்தி வாயே திறக்கலை. கேட்கிற தைரியமும் இல்ல, வேண்டாம்னு சொல்லவும் மனசு வரலை.

எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தார்.

"ஏங்கப்பா?"ன்னேன்.

"அடுத்த மாசம் பத்தாம் தேதிக்கு மேல அனுப்பறேன் கண்ணு. சீட்டை மட்டும் மடக்கி வெச்சு ஓட்டுங்க, எதையும் வெட்டாதீங்க. வண்டி வாங்குறதுக்கு முந்தி ஒரு நல்ல கொசுவலை வாங்கிடு."