சட்டைக்குள்ளே

பிறவியிலேயே என் மார்பெலும்பு உள்வாங்கியிருக்கிறது. கீழ்பென்னாத்தூரில் பம்புசெட்டுத் தொட்டியில் மல்லாந்து படுத்தால் நெஞ்சுக் குழியில் தண்ணீர் நிற்கும். பையன்கள் அதில் புளியங்கொட்டை போட்டு விளையாடுவார்கள். அப்புறம் ஊரிலேயே சட்டையோடு குளித்த பையன் நான் ஒருவன்தான். தண்டால் எடுத்தால் சரியாகும் என்றார்கள். தசை ஏற ஏறக் குழிதான் எடுப்பாகத் தெரிந்தது. கல்யாணத்தில் நலங்குக்குக்கூட நான் சட்டையைக் கழற்றவில்லை.

இப்போது அக்கா மகனுக்கும் அதே குழி. பதினாறு வயசு. ஆபரேஷன் வேண்டும் என்கிறான்.

அமெரிக்காவில் டொனால்ட் நஸ் என்ற டாக்டர் 1987-ல் ஆரம்பித்த முறை அது. இரு விலாவிலும் சிறிதாகக் கீறி, மார்பெலும்புக்கும் இதயத்துக்கும் நடுவே வளைந்த எஃகுப் பட்டையைச் செலுத்தி, அதைத் திருப்பி எலும்பை நிமிர்த்துகிறார்கள். இரண்டு மூன்று வருஷம் பட்டை உள்ளேயே இருக்கும். வலி சாமானியமல்ல. அவர் அதை எழுதி வெளியிட்டது 1998-ல். அதற்குள் என் எலும்பு முற்றத் தொடங்கிவிட்டது.

ஸ்கேன் பார்த்த டாக்டர், "இதயம், மூச்சு எல்லாம் சௌக்கியம். பார்வைக்கு மட்டும்தான்" என்றுவிட்டார்.

"பார்வைக்காகப் பிள்ளை நெஞ்சிலே கத்தி வைக்கறதா, தம்பி? நீ நல்லா இல்லையா?" என்றாள் அக்கா.

அந்த 'மட்டும்' எத்தனை கனம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நான்தான் யாரிடமும் சொன்னதில்லையே.

மாடியில் பையனும் நானும் சட்டையைக் கழற்றினோம். "மாமா, உங்களுக்கு என்னைவிட ஆழம்!" என்று சிரித்தான். பிறகு, "ஆனாலும் எனக்குப் பண்ணிக்கணும்" என்றான்.

பரீட்சை முடியட்டும் என்றேன். பாதிச் செலவு என்னுடையது என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு வாரமாக அவள் என்னோடு பேசுவதில்லை.