வேலி தாண்டிய பட்டிப்பூ

ஏறாவூரிற் பட்டிப்பூவை அறியாதார் இலர். நித்தியகல்யாணி என நூல்கள் கூறும் இச்செடி, புன்னைக்குடாக் கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் இடைப்பட்ட மணல் நிலத்தில் ஆண்டு முழுவதும் பூப்பது. ஆடுமாடுகள் அதனைக் கடிப்பதில்லை; மனிதரும் பொருட்படுத்துவதில்லை. மடகஸ்காரைத் தாயகமாகக் கொண்ட இதற்கு 1759இல் லின்னேயஸ் பெயரிட்டார். குழந்தைகளின் குருதிப் புற்றுநோய்க்கு வழங்கப்படும் வின்கிறிஸ்டீன் என்னும் மருந்து இதன் இலையிலிருந்தே கிடைக்கின்றது. அழகுக்காகத் தோட்டம் புகுந்த செடி இன்று தெருவோரத்திலும் மையவாடியிலும் தானாகவே முளைக்கின்றது.

தோட்டத்துச் செடி வேலியைத் தாண்டிய செய்தியை எவர் பதிவு செய்வது? அரிய செடிகளைத் தேடிச் செல்வோர், வழியில் நிற்கும் பட்டிப்பூவைப் பறிப்பதில்லை. இவ்வெண்ணத்துடனேயே தாவரவியல் மாணவி ஒருத்தி, விடுமுறை நாளொன்றிற் பழைய செய்தித்தாள்களும் இரு பலகைகளும் கொண்டு ஏறாவூருக்குப் புறப்பட்டாள்.

செடியை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டுவது எளிது. அதனருகே ஒட்டப்படும் சிறு குறிப்பே கடினமானது. பேராதனையிலுள்ள தேசிய உலர்தாவரகம் போன்ற இடங்களில் ஒவ்வொரு தாளுக்கும் பொருள் தருவது அக்குறிப்பேயாகும். இடம், நாள், சேகரித்தவர் பெயர், தொடரெண் என்பவற்றோடு, செடி நடப்பட்டதா தானே வளர்ந்ததா என்பதும் அதில் இடம்பெறல் வேண்டும். 1670களில் போல் ஹேர்மன் இலங்கையிற் சேகரித்த உலர்செடிகளைக் கொண்டே லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய தம் நூலை வெளியிட்டார். நூற்றாண்டுகள் கடந்தும் உலர்ந்த இலை சாட்சி சொல்லும். ஆயின், குறிப்பில் எழுதாததை அது சொல்லாது. நிறம் மங்கிய பூவைக் கண்டு, அது முற்றத்திற் பறிக்கப்பட்டதா மணல்வெளியிற் பறிக்கப்பட்டதா எனப் பின்வருவோர் கூறவியலாது.

தெருவோரச் செடிக்குத் 'தானே வளர்ந்தது' எனத் தயங்காது எழுதினாள். அடுத்து அவள் சென்ற வளவில் வீடில்லை. அத்திவாரமும் தூர்ந்த கிணறுமே எஞ்சியிருந்தன. 1990ஆம் ஆண்டு வன்செயல்களில் ஏறாவூரிலும் அயலூர்களிலும் முஸ்லிம்களும் தமிழர்களும் உயிரிழந்தனர், வீடிழந்தனர். அவ்வளவில், கல் பதித்த பழைய பாத்தியில் அடர்ந்தும் அதற்கப்பாற் சிதறியும் பட்டிப்பூ நின்றது. பாத்தியை அமைத்தது மனிதக் கை. ஆயினும், சில ஆண்டுகளே வாழும் செடி அது. அக்கை நட்டவை என்றோ மடிந்திருக்கும். நின்றவை அவற்றின் விதையில் வந்தவை.

அயல்வீட்டு மூதாட்டியிடம் வினவினாள்.

"வெச்ச ஆக்கள் இப்ப இல்ல மகள், பூ மட்டுந்தான் இரிக்கி" என்றார் அவர்.

'நடப்பட்டது' என எழுதினாற் பொய்யாகும். 'தானே வளர்ந்தது' என்று மட்டும் எழுதினால், அங்கு வாழ்ந்தோர் வாழாதவராவர். நெடுநேரம் நின்று அவள் எழுதியது இதுவே: 'கைவிடப்பட்ட வீட்டு வளவு. முன்னர் நடப்பட்ட செடிகளின் வழிவந்தவை. இப்போது பராமரிப்போர் இல்லை.'

தாவரவியலுக்கு வேண்டியது யாவும் இம்மூன்று வாக்கியங்களில் உண்டு. அவ்வளவில் ஒரு வீடு இருந்தது என்பதும் உண்டு.