தட்டிப் பார்த்து வாங்கிய வள்ளம்

மரம் தன் நோயை மறைத்து வைப்பதில்லை. கட்டுமரத்தைக் கரையேற்றியதும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியே மணலில் உலர வைக்கும் வழக்கம் எங்கள் கரையில் நெடுங்காலம் இருந்தது. அதனால் ஒவ்வொரு கட்டையும் நாள்தோறும் ஒரு சோதனைக்கு உள்ளாயிற்று. தண்ணீரை அதிகம் குடித்துவிட்ட கட்டை எது என்பது தூக்கும்போதே தோளுக்குத் தெரிந்துவிடும். வெடிப்பு கண்ணில் படும், பூச்சி அரித்த இடம் விரலில் படும். கண்ணாடி இழை வள்ளத்தில் இவ்வளவு எளிதில் எதுவும் பிடிபடாது. அது ஒரே வார்ப்பு. அவிழ்ப்பதற்கு அதில் கயிறில்லை. வெளியே பளபளக்கும் தோலுக்கும் உள்ளே நடப்பதற்கும் சம்பந்தமே இல்லாமல் போகக்கூடிய ஒரு பொருள் அது.

பழைய ஃபைபர் வள்ளம் ஒன்றை வாங்குவதென்று 2023ஆம் ஆண்டு கோடையில் நாங்கள் முடிவு செய்தபோது, இந்த உண்மையே முதலில் எங்கள் முன் வந்து நின்றது. நாங்கள் என்பது அண்ணன் தம்பி இருவர். ஒருவர் குளச்சலுக்கு மேற்கே கடலுக்குப் போகிறவர். மற்றவர் நாகர்கோவிலில் கணக்கு எழுதுகிறவர். பணத்தில் பாதி சேமிப்பு, மீதி வீட்டுப் பெண்களின் நகை. புதிய வள்ளத்துக்கு அது போதாது.

குமரிக் கரைக்குக் கண்ணாடி இழை வந்த கதை தனியே எழுதத்தக்கது. இங்கே சுருக்கமாகச் சொல்லி நகர்கிறோம். 1980களில் முட்டத்தில் பிளைவுட் வள்ளங்கள் கட்டப்பட்டன. பலகையைத் தைத்து ஒட்டி, மேலே கண்ணாடி இழை பூசும் முறை அது. முழுவதும் இழையாலான வள்ளங்கள் பிறகு பெருகின. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர், இழந்த கலங்களுக்கு ஈடாகத் தொண்டு நிறுவனங்களும் அரசும் கொடுத்தவற்றுள் பெரும்பகுதி ஃபைபர்தான். அவசரத் தேவையை நம்பி அப்போது புதிது புதிதாய்க் கொட்டகைகள் முளைத்தன. நல்ல வள்ளங்களும் வந்தன. ரெசினை மிச்சம்பிடித்து வார்த்தவையும் வந்தன. எல்லாவற்றுக்கும் மேல்தோல் ஒன்றுபோலவே மினுங்கியது.

அந்தத் தோலுக்கு ஜெல்கோட் என்று பெயர். ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம்தான். அச்சுக்குள் முதலில் அதைப் பூசி, அதன்மேல் கண்ணாடி இழை விரிப்பைப் பரப்பி, ஹார்டனர் கலந்த ரெசினில் நனைத்து, உருளையால் காற்றை வெளியேற்றி, அடுக்கடுக்காய் ஏற்றுவார்கள். வலிமை கண்ணாடியினுடையது. அதைப் பிடித்து நிறுத்துவது ரெசின். எந்த அடுக்கில் ரெசின் ஊறாமல் போயிற்றோ, எங்கே காற்றுக் குமிழ் சிக்கிக்கொண்டதோ, அங்கே அடுக்குகள் பின்னொரு நாள் பிரியும். வார்த்தவருக்கும் அலைக்கும் மட்டுமே தெரிந்த இரகசியம் அது.

*

வள்ளம் ஒரு வீட்டின் பின்புறம், தென்னைகளுக்கு நடுவே, தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது. இருபத்தெட்டு அடி, 2012இல் வார்த்தது. உடையவர் நெஞ்சுவலியில் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மகன்கள் இருவரும் வளைகுடாவில் மீன்பிடிக் கலங்களில் வேலை பார்க்கிறார்கள். அம்மா மட்டும் ஊரில். என்ஜின் நீங்கலாக, கூடு மட்டும் 1,10,000 ரூபாய் என்று தரகர் சொல்லியிருந்தார். பார்ப்பதற்கு எங்கள் தாய்மாமாவை அழைத்துச் சென்றோம். வள்ளம் பழுது பார்ப்பதில் முப்பது வருடம் கழித்தவர்.

நீல வண்ணம் புதிதாய் அடித்திருந்தது. மாமா அதைக் கண்டதும் முகத்தைச் சுளித்தார்.

"பெயின்ட பாக்காத மக்கா. பெயின்ட் அடிக்காத எடம் எங்க இருக்குன்னு பாரு."

காலை ஏழு மணிக்கே வரச்சொன்னதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. சாய்ந்த வெயில் பக்கச்சுவரின்மீது படும்போது, அணியத்தில் கன்னத்தை வைத்து அமரம் நோக்கிப் பார்க்கவேண்டும். வார்ப்பின் வளைவு ஓடை நீர்போல் தடையின்றி ஓடினால் நல்லது. எங்காவது ஒரு மேடு, ஒரு பள்ளம், ஒரு தட்டை தெரிந்தால் அங்கே ஒட்டு விழுந்திருக்கிறது. உச்சிவெயிலில் இவையெல்லாம் மறைந்துவிடும். இடப்பக்கம் ஓரிடத்தில் உள்ளங்கையகலத் தட்டை இருந்தது. மாமா சுண்ணக்கட்டியால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

ஒட்டு இருப்பதே குற்றம் ஆகாது. கரையில் தூக்கிப் போட்டு இழுக்கப்படும் வள்ளம் ஒட்டில்லாமல் இருக்க முடியாது. ஒட்டிய முறைதான் கேள்வி. உடைந்த இடத்தின் விளிம்பை நீளச் சரிவாக அரைத்து, கனத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு தூரத்துக்குச் சரித்து, அதன்மேல் அடுக்குகளை ஏற்றினால் ஒட்டு உடலோடு சேரும். அரைக்காமல் மேலே அப்பினால் அது புண்மேல் ஒட்டிய காகிதம். உள்பக்கம் போய்ப் பார்த்தோம். சரிவு நன்றாகவே இருந்தது.

பிறகு ஏரா. மணலில் இழுபட்டு இழுபட்டு ஜெல்கோட் தேய்ந்து, இழை வெளித்தெரிகிறதா என்று கையால் தடவிப் பார்த்தோம். வெளித்தெரியும் இழையின் வழியேதான் தண்ணீர் உள்ளே நடக்கும். நடுவில் தேய்ந்த இடத்தில் முன்பே இரண்டு அடுக்கு ஏற்றியிருந்தார்கள். மயிரிழை வெடிப்புகளும் இருந்தன. அவற்றிலும் இரண்டு இனம் உண்டு. ஒரு மையத்திலிருந்து நட்சத்திரம்போல் விரிபவை அடிபட்டதால் வந்தவை. மூலைகளில் இணைகோடுகளாய் ஓடுபவை அந்த இடம் வேலை செய்யும்போது வளைகிறது என்பதற்கு அடையாளம். முன்னதைப் பூசிவிடலாம். பின்னதற்கு உள்ளே தாங்கு வேண்டும்.

அடுத்து மாமா தம் உளியைத் திருப்பிப் பிடித்து, மரக்கைப்பிடியால் தட்டத் தொடங்கினார். ஒரு சாணுக்கு ஒரு தட்டு. நல்ல இடம் கூர்மையாய் 'டக்' என்றது. அடுக்கு பிரிந்த இடமோ ஈரம் ஏறிய இடமோ 'தொப்' என்று விழுங்கிக்கொள்ளும். தேங்காயைத் தட்டி வாங்குகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அரைமணி நேரம் அந்த ஒலியைத் தவிர வேறு பேச்சில்லை. வலப்பக்கம் முழுதும் டக். இடப்பக்கம் முழுதும் டக். எங்களுக்குள் ஒரு மகிழ்ச்சி ஊறிக்கொண்டிருந்தது. நகைகள் வீணாகவில்லை என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அமரத்துக்கு வந்ததும் ஒலி மாறியது.

என்ஜின் மாட்டும் பின்பலகை வெறும் இழையால் ஆனதில்லை. என்ஜினின் எடையையும் உந்தலையும் தாங்க உள்ளே கனத்த பிளைவுட் வைத்து, இருபுறமும் இழையால் மூடியிருப்பார்கள். என்ஜினைப் பிணைக்க அதில்தான் துளையிடுவார்கள். துளையின் உட்சுவரை ரெசினால் அடைக்காவிட்டால், ஒவ்வோர் அலையும் அந்த மரத்துக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கும். வெளித்தோல் பழுதின்றி நிற்க, உள்ளே மரம் மக்கும். மாமா தட்டிய நான்கு இடங்களும் தொப். ஒரு துளைக்குள் திருப்புளியை விட்டார். அது வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. வெளியே எடுத்தபோது நுனியில் கறுத்த ஈரம்.

*

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அமரத் தட்டுக்குக் கீழே மூடிய அறை ஒன்று. உள்ளே மிதவைக்கான நுரை. மற்றப் பழுதுகள் பணத்தோடு போகும். இந்த அறையைப் பொறுத்தது உயிர். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் எங்கள் கடலைக் கலக்கியபோது, குமரியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் போனவர்களில் நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. பிழைத்து வந்தவர்களில் கவிழ்ந்த வள்ளத்தைப் பற்றிக்கொண்டு இரவும் பகலும் கிடந்தவர்கள் உண்டு. கவிழ்ந்த பிறகும் மிதக்கிற வள்ளமே அவர்களைக் கொண்டுவந்தது. நுரை தண்ணீரைக் குடித்துவிட்டிருந்தாலோ, தெர்மோகோலை உறையிடாமல் வைத்து அது ரெசின் பட்டுக் கரைந்து போயிருந்தாலோ, அந்த அறை பெயருக்கு மட்டும்தான் மிதவை.

தட்டி இதை அறிய முடியாது. அம்மாவிடம் அனுமதி கேட்டு, அறையின் மிகத் தாழ்ந்த இடத்தில் மூன்று மில்லிமீட்டர்த் துளை ஒன்று போட்டோம். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு மெல்லிய நூல்போல் தண்ணீர் வரத் தொடங்கியது. நாங்கள் தேநீர் குடித்து முடித்தபோதும் அது வந்துகொண்டுதான் இருந்தது.

தரகர் எங்களைத் தென்னைக்குப் பின்னால் அழைத்துப்போனார். "ஒண்ணும் சொல்லாதிய. வேண்டாம்னு கெளம்புங்க. ஒரு வாரத்துல அவியளே அறுவதுக்குக் குடுப்பாவ" என்றார். வியாபாரத்தில் அது தவறான கணக்கும் அல்ல. ஆனால் நாங்கள் பேசாமல் போனால், அந்தத் துளைகள் இன்னொரு பூச்சு வண்ணத்துக்குக் கீழே மறையும். அடுத்து வருகிறவருக்கு உளியைத் திருப்பிப் பிடிக்கத் தெரிந்த ஒரு மாமா இருப்பாரா? அவரும் எங்களைப்போல் நகை வைத்து வருகிறவராகத்தான் இருப்பார். அவரோடு மூன்று பேர் கடலுக்குப் போவார்கள்.

அம்மாவைக் கூப்பிட்டு, சுண்ண வட்டங்களை ஒவ்வொன்றாய்க் காட்டினோம். இது பரவாயில்லை, இது பரவாயில்லை, இது முழுதும் மாற்றவேண்டும், இதைத் திறந்து நுரையை அள்ளிப் போடவேண்டும் என்று சொன்னோம். பின்பலகைக்கு 15,000, மிதவை அறைக்கு 8,000 ஆகும் என்று மாமா கணக்குச் சொன்னார். அம்மா விலையைப் பற்றிப் பேசவில்லை. பின்பலகையின் ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்று கேட்டார்:

"இத்தன நாளும் அவிய இதுலயா கடலுக்குப் போனாவ?"

நாங்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மாமாதான் சொன்னார்: "இல்ல மைனி. ரெண்டு வருஷமா மழத்தண்ணி கெட்டிக் கெடந்துச்சுல்லா. எந்த மரமும் இத்துப்போவும்."

அது பாதி உண்மை. தார்ப்பாய் கிழிந்திருந்தது, தண்ணீர் தேங்கியும் இருந்தது. ஆனால் துளைகளைச் சுற்றி ஓடிய துருக்கறை பல வருடப் பழையது என்பதை நாங்கள் மூவரும் கண்டிருந்தோம். காலையிலிருந்து ஒரு வட்டத்தையும் மறைக்காத மனிதர் இந்த ஒன்றை மறைத்தார். நாங்களும் திருத்தவில்லை. வள்ளத்தைப் பற்றிய உண்மை வாங்குகிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும் தேவை. இறந்தவரின் கடைசி ஆண்டுகளைப் பற்றிய உண்மையால் அன்றைக்கு அந்த அம்மாவுக்கு ஒரு பயனும் இல்லை என்றே இப்போதும் எண்ணுகிறோம்.

விலை 87,000 ரூபாய் என்று முடிந்தது. கேட்டதிலிருந்து பழுதுச் செலவை மட்டும் கழித்தோம். "காணாததுக்கும் ஒரு வெல கழிக்கணும்லே" என்று மாமா வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பின்பலகையை அறுத்தெடுத்தபோது, அதோடு சேரும் இரண்டு தாங்குகட்டைகளின் நுனியும் ஊறியிருந்தன. மேலும் 6,000 ஆயிற்று. அதைக் கேட்க அந்த வீட்டுக்கு நாங்கள் திரும்பிப் போகவில்லை. உள்ளிருந்த பிளைவுட் பலகையாக வரவில்லை. ஊறிய புண்ணாக்குபோலக் கைநிறைய வந்தது. நுரையை வெயிலில் பரப்பினோம்; காயவே இல்லை. புதிதாக மூடிய செல் நுரையை உறையிட்டு அடுக்கி, அறைக்கு ஒரு திருகுமூடியும் வைத்தோம். இனி அதைத் திறந்து பார்க்கத் துளையிட வேண்டாம்.

புதிய பலகையில் என்ஜினுக்கான துளைகளைத் தேவைக்குப் பெரிதாகப் போட்டு, அவற்றை ரெசினால் நிரப்பி இறுகவிட்டு, அந்த ரெசினின் நடுவே சரியான அளவில் மறுபடி துளையிட்டார் மாமா. இப்போது ஆணி மரத்தைத் தொடாது. இரண்டு நாள் கூடுதல் வேலை. வார்க்கும்போதே செய்திருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

மீன்வளத்துறை அலுவலகத்தில் பெயர் மாற்ற அம்மாவும் வந்திருந்தார். பதிவு எண் வள்ளத்தோடு போகும். உடையவர் பெயர் மட்டும் மாறும். கையெழுத்துப் போட்டுவிட்டு, வண்ணம் மாற்றுவீர்களா என்று கேட்டார். எண்ணை மட்டும் புதிதாய் எழுதுவோம், நீலம் அப்படியே இருக்கட்டும் என்றோம்.