பின் அச்சு

பழுதானதைக் கழற்றி எறிவது எளிது; அதன் இடத்தில் பொருந்துவதைத் தேர்ந்தெடுப்பதே அரிது. இதனை நமக்குக் கற்பித்தது, பங்கு இல்லத்துக் கொட்டகையில் நெடுங்காலம் தூசி படிந்து நின்ற 1988 ஆம் ஆண்டு அம்பாசிடர் ஊர்தி.

ஆம்பூரை அடுத்த நமது பங்கின் இளைஞர்கள் அதனை மீண்டும் ஓட்டிவிட முனைந்தனர். எஞ்சின் இசைந்தது. ஆனால் வண்டி நகர்ந்ததும் பின்புறமிருந்து ஓர் ஓலம் எழுந்தது. திறந்து பார்த்தால் கிரவுன் வீலின் பற்கள் தேய்ந்திருந்தன. அச்சுக் கூட்டிலும் விரிசல். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் வழிவந்த அம்பாசிடரின் உற்பத்தி, 2014 மே மாதத்தில் உத்தர்பாரா ஆலையில் நின்றுபோயிற்று. எனவே பழைய உதிரி உறுப்புகளுக்குப் பெயர்பெற்ற சென்னைப் புதுப்பேட்டைக்குப் புறப்பட்டோம். மெக்கானிக்குடன், தோல் தொழிற்சாலையில் தரம் பிரித்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரும் உடன் வந்தார்.

அங்கே இரண்டு அச்சுகள் கிடைத்தன. ஒன்று கறுப்பு வண்ணம் பூசிப் பளபளத்தது, விலையும் குறைவு. மற்றொன்று துருவேறியது, விலையோ அதிகம். அகலம், ஸ்பிரிங் பட்டை அமரும் இடம், சக்கர போல்ட்டுகளின் இடைவெளி, பிரேக் டிரம் ஆகிய அனைத்தும் இரண்டிலும் ஒத்திருந்தன. பின்னர் மெக்கானிக் ஒருபுறத்தை அசையாது பிடித்து, மறுபுறத்தை இருமுறை சுற்றி, முன்முகப்பு எத்தனை முறை சுழல்கிறது என எண்ணினார். துருவேறியதன் கணக்கு நமது பழைய அச்சோடு ஒத்தது. பளபளத்ததன் கணக்கோ குறைந்தது. சமவெளியில் அது சுகமாக ஓடும்; ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் எஞ்சின் திணறும். கியர் பெட்டியிலிருந்து இயங்கும் வேகமானியும் உண்மை வேகத்தைக் குறைத்தே காட்டும்.

ஆயினும், பங்கு மக்களின் பணமாயிற்றே என்று நமது மனம் மலிவின் பக்கமே சாய்ந்தது. அப்போது பெரியவர், பளபளத்த அச்சின் திருகைக் கழற்றச் சொல்லி, எண்ணெயில் விரலிட்டுத் தேய்த்துப் பார்த்தார். விரல் நுனியில் இரும்புத் துகள்கள் மின்னின.

“சாமி, குறையுள்ள தோலுக்குத்தான் சாயத்தைக் கனமாகப் பூசுவார்கள்” என்றார்.

நாம் நாணினோம். முன்னொரு மழையிரவில், முந்தைய பங்குத்தந்தை இதே வண்டியில்தான் அவருடைய மனைவியை வேலூர் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தார். அவ்வம்மையார் பிழைத்து வீடு திரும்பினார். பெரியவர் அதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. துருவேறியதைத் தூக்கத் தோள் கொடுத்தார்.

அச்சு பொருத்திய முதல் பயணத்திலேயே பாலாற்று மணலில் ஒரு சக்கரம் புதைந்தது. வளைவில் வெளிச்சக்கரம் விரைந்தோடவும் உட்சக்கரம் மெல்லச் சுழலவும் இடந்தருவது டிஃபரன்ஷியல். அதன் இயல்பிலேயே ஒரு குறையும் உண்டு. ஒரு சக்கரம் பிடியிழந்து வீணே சுழன்றால், உறுதியான நிலத்தில் நிற்கும் மற்றதற்கும் வலு கிட்டாது. ஒன்றின் தளர்ச்சி இரண்டின் தளர்ச்சியாகிவிடுகிறது. இக்கருத்தைப் பீடத்தில் நின்று பலமுறை எடுத்துரைத்திருக்கிறோம். மணலில் முழந்தாளிட்டபோதுதான் அது விளங்கிற்று.

இளைஞர்கள் வண்டியைத் தள்ள முனைந்தனர். பெரியவரோ திடமாய் நின்ற சக்கரத்தைத் திரும்பியும் பாராமல், புதைந்த சக்கரத்தின் கீழ் ஒரு சாக்கை விரித்துக்கொண்டிருந்தார்.