பெரியப்பா வழி சொல்கிறார்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போகிறவனுக்கு மரக்காணம் நெருங்குவதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. சவுக்குத் தோப்புகள் விலகி, சாலைக்கு இரு பக்கமும் உப்புப் பாத்திகள் விரியும். மூவாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட உப்பளம். ஐப்பசி மழை இறங்கினால் எல்லாம் தண்ணீர்க்காடு. நான் போனது சித்திரையில். வாரிக் குவித்த உப்பின் வெள்ளையில் கண்கள் கூசிக்கொண்டிருந்தபோது, "இன்னும் கொஞ்ச தூரம் நேரா போடா" என்றார் பெரியப்பா.

பெரியப்பா காரில் இல்லை. கிளியனூரில், வீட்டுத் திண்ணையில், சாப்பிடாமல் எனக்காகக் காத்திருந்தார். போனில் இருந்தது அவருடைய குரல் மட்டும்.

வழிகாட்டிச் செயலிகளின் குரலை மாற்றிக்கொள்ளலாம் என்பது பலருக்குத் தெரியும், மாற்றுகிறவர்கள் குறைவு. கூகுள் மேப்ஸில் 2018 முதல் தமிழ்க் குரல் உண்டு. அமைப்புகளுக்குள் போய்க் குரல் தேர்வில் தமிழைத் தொட்டால் போதும். வேஸ் 2017இல் இன்னொரு கதவைத் திறந்தது: நாமே பேசிப் பதிவு செய்துகொள்ளலாம். ஆஸ்மாண்ட் என்ற திறமூலச் செயலியும் பதிவு செய்த குரலை ஏற்கும். டாம்டாம் கருவிகளில் ஹோமர் சிம்சன் வழி சொன்னதெல்லாம் பழைய கதை. ஆஸ்திரேலியப் பாடகி கேரன் ஜேக்கப்ஸன் 2002இல் பதிவு செய்து கொடுத்த குரல், தங்களுக்குப் பாடத் தெரிந்த ஒருத்தி வழி சொல்கிறாள் என்பதே தெரியாத எத்தனையோ கார்களில் ஒலித்தது.

எனக்குப் பாடகியும் வேண்டாம், நடிகரும் வேண்டாம். பெரியப்பா மரக்காணத்து உப்பை லாரியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனவர். இந்தப் பக்கத்துச் சாலைகள் அவருக்கு உள்ளங்கை. போன பொங்கலுக்குப் போனபோது போனை நீட்டி, "இடது பக்கம் திரும்பு, அப்படின்னு சொல்லுங்க பெரியப்பா" என்றேன்.

"எங்க?"

"எங்கயும் இல்ல. சும்மா சொல்லுங்க."

"எங்க திரும்பணும்னு தெரியாம எப்படிடா சொல்றது?"

விளையாட்டாகச் சொல்லவில்லை. அவருக்கு இடது, வலது என்பதே வாயில் வராது. கடல் கிழக்கே கிடக்கிற ஊரில் திசை தவறுகிறவர் யார்? "கெழக்கால திரும்பு", "மேக்கால ஒடி", அவ்வளவுதான். தெற்கே போகிறவனுக்கு இடது பக்கம் கிழக்கு. திரும்பி வருகிறவனுக்கு அதே இடது மேற்கு. ஒரே ஒலித்துண்டு இரண்டுக்கும் பொருந்தாது. கடைசியில் எரிச்சலோடு "பீச்சாங்கைப் பக்கம்" என்றார். அதை அப்படியே வைத்துக்கொண்டேன். ரவுண்டானாவில் மூன்றாவது வழி என்ற வாக்கியம் வந்தபோது, "நம்ம ஊர்ல ஏதுடா ரவுண்டானா?" என்று எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.

பதிவு செய்த குரலில் ஊர்ப் பெயரும் சாலைப் பெயரும் வராது. எழுத்தை ஒலியாக்கும் இயந்திரக் குரலுக்குத்தான் அது கைவரும். தமிழுக்கு அந்த நுட்பத்தைச் சென்னை ஐ.ஐ.டி.யில் ஹேமா மூர்த்தி குழுவினரும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஏ.ஜி. ராமகிருஷ்ணன் குழுவினரும் ஆண்டுக்கணக்கில் வளர்த்திருக்கிறார்கள். ஆக, பெயர் வேண்டுமென்றால் இயந்திரம், பெரியப்பா வேண்டுமென்றால் பெயரில்லாத வழி. ஓமந்தூரும் கிளியனூரும் தாண்டியதைப் பெரியப்பா குரலில் கேட்க முடியாது என்பது எனக்குக் குறைதான்.

இந்தக் கரைக்கு வழி சொன்ன பழைய குரல் ஒன்று உண்டு. சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார், ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைத் தேடிப் போகும் பாணனை எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் வழியாகக் கிடங்கிலுக்கு அனுப்புகிறார். எயிற்பட்டினம் என்பது மரக்காணம் என்பார்கள் ஆய்வாளர்கள்; கிடங்கில் இன்றைய திண்டிவனத்தை ஒட்டியது. 269 அடிகளில் மீட்டர் கணக்கு கிடையாது. எயிற்பட்டினத்தில் தேறலும் சுட்ட மீனும் கிடைக்கும், வேலூரில் புளிங்கறியிட்ட சோறு, ஆமூரில் நண்டோடு வெண்சோறு என்று சாப்பாட்டை வைத்தே ஊர்களை அடையாளம் காட்டுகிறார். 2009இல் கூகுள் இந்தியாவுக்கென்று கோயிலையும் பெட்ரோல் பங்கையும் அடையாளமாகச் சொல்லி வழிகாட்டத் தொடங்கியதையும் இந்த வரிசையில் வைக்கலாம். சாப்பாட்டை அவர்கள் சேர்க்கவில்லை.

நான் சாப்பிட்டு எழுந்ததும் பெரியப்பா, "கழுவெளி வரைக்கும் போயிட்டு வரலாம் வா" என்றார். மரக்காணத்து முகத்துவாரம் வரை நீளும் அந்த உவர்நீர்ப் பரப்பை 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். அவர் முன் சீட்டில் உட்கார, நான் செயலியை ஓடவிட்டேன். சற்றுத் தூரத்தில் அவருடைய குரல், "பீச்சாங்கைப் பக்கம் திரும்பு" என்றது.

"யார்றா அவன்? நேரா போ நீ."

"நீங்கதான் பெரியப்பா."

"நானா இருந்தா அந்தப் பக்கம் போவ மாட்டேன். புளியமரத்தடில டீக்கட இருக்கு, லோடு வண்டிக்காரன் எல்லாம் அங்கதான் நிப்பான். நேரா போ."

செயலி சொன்ன வழி தவறானதில்லை, தூரமும் குறைவுதான். ஆனால் புளியமரம் எந்த வரைபடத்திலும் இல்லை. (பட்டியலில் விடுபடுவது கிளியனூருக்குப் புதிதுமல்ல. இங்குள்ள அகத்தீஸ்வரர் மீது சம்பந்தர் பாடிய பதிகம் பிற்காலத்தில்தான் கிடைத்து, கோயில் பாடல் பெற்ற தலங்களோடு சேர்ந்தது.) டீ நன்றாகவே இருந்தது. போனிலிருந்த பெரியப்பா எங்களைத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்க, பக்கத்திலிருந்த பெரியப்பா ஒவ்வொரு முறையும் அதற்கு மறுப்புச் சொல்லிக்கொண்டே வந்தார்.

பொங்கலன்று பதிவு செய்ததில் அவர் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் தயங்காமல், ஒரே மூச்சில் பேசினார். சேர வேண்டிய இடம் வந்ததும் சொல்வது அது: "வந்துட்டியா, வா, கைகால் கழுவிட்டு உக்காரு." சென்னைக்குத் திரும்பிய வாரம் வருமான வரி அலுவலக வாசலில் கார் நின்றபோதும் அதையேதான் சொன்னார்.